குழந்தைகள் வார்டு செவிலியருக்கு நோய்த்தணிப்புச் சிகிச்சை எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தென்மாவட்டம் ஒன்றின் மருத்துவமனையில், குழந்தைகள் வார்டில் 6 ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். வயிற்றுப்போக்கு, வலிப்பு, நிமோனியா என்றால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிடுவேன். குணப்படுத்த முடியாத நோயோடு வரும் குழந்தையின் கட்டிலருகே நிற்கும்போது எனக்கு எவ்வளவு குறைவாகத் தெரியும் என்பதைச் சென்ற மாதம்தான் உணர்ந்தேன்.

இரத்தப் புற்றுநோய் மீண்டும் வந்த 7 வயதுப் பையன் அவன். இனி மருந்து ஏற்றிப் பயனில்லை, ஊருக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று பெரிய மருத்துவமனையிலிருந்து எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். அடுத்தடுத்து மூன்று இரவுகள் அவன் என் பொறுப்பில் இருந்தான். அழவில்லை, எதையும் கேட்கவில்லை, சுவர்ப் பக்கம் திரும்பி ஒருக்களித்தே படுத்திருந்தான். முதல் இரண்டு இரவுகளிலும் 'அமைதியாக உறங்குகிறான், தொந்தரவு எதுவும் இல்லை' என்று குறிப்பேட்டில் எழுதினேன். மூன்றாம் இரவு போர்வையைச் சரிசெய்யக் குனிந்தபோதுதான் பார்த்தேன். கண்கள் திறந்திருந்தன. வலது முழங்கால் வயிற்றோடு ஒட்டி மடங்கியிருந்தது. அம்மாவின் சேலைத் தலைப்பை விரல் வெளுக்கும்படி முறுக்கிப் பிடித்திருந்தான். "வலிக்குதா சாமி?" என்று கேட்டேன். "ஊசி போடுவீங்களா?" என்று அவன் திருப்பிக் கேட்டான்.

கடும் வலியைத் தணிக்கும் மார்பின் என்ற மாத்திரை எஸ்.ஓ.எஸ். என்று, அதாவது தேவைப்பட்டால் கொடுக்கும்படி எழுதப்பட்டிருந்தது. ஒரு வேளைகூடக் கொடுக்கப்பட்டிருக்கவில்லை. அன்றிரவு பணியிலிருந்த மருத்துவரை அழைத்துக் கேட்டுக் கொடுத்தேன். மறுநாள் காலையில் மூத்த செவிலியர் ஒருவர், சின்னப் பிள்ளைக்கு மார்பின் கொடுத்து மூச்சு நின்றுபோனால் பதில் சொல்ல வேண்டியது நாம்தான் என்று கடிந்துகொண்டார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. ஒன்பதாம் நாள் அந்தக் குழந்தை இறந்துவிட்டான்.

வலியையும் மற்ற உபாதைகளையும் தணிக்கும் இந்த நோய்த்தணிப்புச் சிகிச்சை (பாலியேட்டிவ்) குழந்தைகளுக்கு எப்படி என்பது பற்றி எங்களைப் போன்ற பொது வார்டுச் செவிலியருக்குக் குறைந்த அளவு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? மார்பின் பற்றிய அச்சத்தில் எவ்வளவு உண்மை? வாய்விட்டுச் சொல்லாத குழந்தையின் வலியை எப்படி அறிவது? இத்துறையில் இருப்பவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இரவுப்பணி எழுதியது:

தங்கைக்கு வணக்கம். புற்றுநோய் மருத்துவமனை ஒன்றின் நோய்த்தணிப்புப் பிரிவில் 14 ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். அந்த மூன்றாம் இரவில் நீங்கள் குனிந்து பார்த்தீர்கள், மருத்துவரை அழைத்தீர்கள். அதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மார்பின் மூச்சைக் குறைக்கும் என்பது பொய்யல்ல. அளவு தவறினாலோ, சிறுநீரகம் சரியாக இயங்காத குழந்தைக்கு அதைக் கணக்கில் கொள்ளாமல் கொடுத்தாலோ, ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்குப் பெரிய பிள்ளையின் கணக்கில் கொடுத்தாலோ ஆபத்து உண்டு. ஆனால் குழந்தையின் எடைக்குரிய சிறிய அளவில் வாய்வழியாகத் தொடங்கி, வலி எவ்வளவு அடங்கியது என்று பார்த்துப் பார்த்து உயர்த்தும்போது, மூச்சு முன்னறிவிப்பின்றி நின்றுவிடுவதில்லை. அதற்கு முன்பே குழந்தை மயங்கத் தொடங்கும். கூப்பிட்டாலும் தொட்டாலும் எழாது. பிறகுதான் மூச்சின் எண்ணிக்கை குறையும். அந்த மயக்கத்தைக் கண்டறிந்து, அடுத்த வேளையை நிறுத்திவைத்து மருத்துவரை அழைக்க வேண்டியவர் செவிலியர்தான். மார்பினின் விளைவை முறிக்கும் மருந்தான நலாக்சோன் வார்டில் எங்கே இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மற்றபடி, முதல் இரண்டு மூன்று நாள்கள் குழந்தை நிறைய உறங்குவதைக் கண்டு பதற வேண்டாம். பல இரவுகள் வலியில் விழித்துக் கிடந்த பிள்ளை அந்தக் கடனைத் தீர்க்கிறது. தொட்டால் விழித்து, ஒரு வார்த்தை பேசிவிட்டு மறுபடியும் உறங்கினால் அது இயல்பான உறக்கம்.

பழக்கத்துக்கு அடிமையாகிவிடும் என்றும் சிலர் சொல்வார்கள். பல வாரங்கள் மார்பின் எடுத்த உடலுக்கு அது பழகிப்போயிருக்கும், அதனால் திடீரென்று நிறுத்தாமல் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்பது உண்மை. வலிக்காக மருந்து எடுக்கும் குழந்தை அதன் பின்னால் ஏங்கி அலையும் என்பது உண்மையல்ல. இரண்டும் வேறு.

உங்கள் வார்டில் நான் முதலில் மாற்ற விரும்புவது அந்த எஸ்.ஓ.எஸ். என்ற எழுத்தைத்தான். ஓயாமல் இருக்கும் வலிக்கு மருந்து கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்கப்பட வேண்டும். சாதாரண மார்பின் மாத்திரையின் பலன் ஏறத்தாழ 4 மணி நேரம். ஆகவே 4 மணி நேரத்துக்கு ஒரு முறை. இடையில் வலி மீறி எழுந்தால் கொடுக்கக் கூடுதல் வேளை ஒன்றும் எழுதப்பட்டிருக்க வேண்டும். குழந்தை பசியில் அலறும் வரை எந்தத் தாயும் பாலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பதில்லை. எஸ்.ஓ.எஸ். என்று எழுதிவிட்டால் வலியைச் சொல்லிக் கேட்கும் பொறுப்பு நோயாளியின் தலையில் விழுகிறது. உங்கள் பையனோ, சொன்னால் ஊசி வரும் என்று நம்பியவன். வலியை ஒளித்து வைக்கக் குழந்தைகளுக்கு அந்த அச்சம் ஒன்றே போதும். தசையில் போடும் வலி ஊசியைக் குழந்தைகளுக்குத் தவிர்க்கச் சொல்வதற்கு அது முக்கியமான காரணம்.

உலக சுகாதார நிறுவனம் 2012இல் வெளியிட்ட வழிகாட்டுதல் (2019இல் அது திரும்பப் பெறப்பட்டது) குழந்தைகளின் வலிக்கு இரண்டே படிகளைச் சொன்னது: இலேசான வலிக்குப் பாராசிட்டமால் அல்லது இபுபுரோஃபென், அதற்கு மேல் நேரடியாக மார்பின். பெரியவர்களுக்கான படிவரிசையில் நடுவில் இருந்த கோடீன் என்ற வலி மருந்து குழந்தைகளுக்கு நீக்கப்பட்டது. கோடீன் உடலுக்குள் மார்பினாக மாறித்தான் வேலை செய்கிறது. அந்த மாற்றம் சில குழந்தைகளிடம் நடப்பதே இல்லை, சிலரிடம் மிக வேகமாக நடந்து ஆபத்தாகிறது. 'மார்பின் வேண்டாம், கோடீன் சிரப் கொடுப்போம், பாதுகாப்பு' என்று யாராவது சொன்னால் இதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

மார்பின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். மற்றப் பக்கவிளைவுகள் நாளடைவில் குறையும், மலச்சிக்கல் குறையாது. மூன்று நாள் மலம் கழிக்காத குழந்தையின் வயிற்று வலிக்கு மார்பினையே மேலும் கூட்டிய கொடுமையை நான் பார்த்திருக்கிறேன். விழுங்க முடியாத பிள்ளைக்குச் சாதாரண மாத்திரையைப் பொடித்து நீரில் கரைத்துக் கொடுக்கலாம். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையை மட்டும் ஒருபோதும் பொடிக்கக் கூடாது. 12 மணி நேரத்துக்கான மருந்து ஒரேயடியாக உள்ளே போய்விடும்.

இனி, சொல்லாத வலி. ஏறத்தாழ 8 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் பூஜ்யம் முதல் 10 வரை எண்ணாகச் சொல்வார்கள். நான்கைந்து வயதில் முகப் படங்களைக் காட்டினால் விரல் வைத்துக் காட்டுவார்கள். அதற்கும் சிறிய குழந்தைக்கு ஃபிளாக் என்ற அளவுகோல் இருக்கிறது: முகம், கால்கள், உடலின் அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்ற ஐந்தையும் பார்த்து ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம், 1 அல்லது 2 கொடுத்துக் கூட்டினால் அதிகபட்சம் 10. உங்கள் பையனுக்கு அழுகையில் பூஜ்யம்தான் கிடைத்திருக்கும். ஆனால் மடங்கிய கால் ஒன்று இருந்தது. நீண்ட நாள் வலியில் கிடக்கும் குழந்தை அழுவதை விட்டுவிடுகிறது, விளையாடுவதையும் விட்டுவிடுகிறது. அப்படி அசையாமல் கிடக்கும் குழந்தையை அளவுகோல் முழுதாகப் பிடிப்பதில்லை. ஆகவே தாயிடம், "வீட்டில் இருக்கும்போது இப்படித்தான் படுப்பானா? எதை விரும்பிச் செய்வான்? இப்போது அதைச் செய்கிறானா?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மூளை முடக்குவாதம் உள்ள, பேச்சு வராத பிள்ளைகளுக்குத் தாயின் சொல்லைத்தான் நான் முதல் அளவுகோலாகக் கொள்கிறேன்.

ஒன்றை மட்டும் சேர்த்துவிடுகிறேன். பல வார்டுகளில் 'பாலியேட்டிவ்' என்ற சொல்லுக்குக் 'கைவிட்ட கேஸ்' என்றே பொருள். உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்கென 1998இல் தந்த வரையறையோ, நோய் கண்டறியப்பட்ட நாளிலேயே இது தொடங்குகிறது என்றும், நோயைக் குணப்படுத்தும் சிகிச்சை நடந்தாலும் நடக்காவிட்டாலும் தொடர்கிறது என்றும் சொல்கிறது. புற்றுநோய்க்கு மட்டும் உரியதும் அல்ல. தசைச் சிதைவு நோய், சரிசெய்ய முடியாத இதயக் குறைபாடு, கடுமையான மூளை முடக்குவாதம் ஆகியவற்றோடு பல ஆண்டுகள் வாழும் பிள்ளைகள் அனைவருக்கும் இது வேண்டும். அப்படிப் பார்த்தால் உங்கள் வார்டில் இன்றும் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள்.

பாடவேளை எழுதியது:

செவிலியர் கல்லூரியில் கற்பிப்பவள் என்ற முறையில் சில சொற்கள். செவிலியரின் நோய்த்தணிப்பு அறிவை அளக்க உலகெங்கும் பயன்படும் வினாத்தாள் ஒன்று 1996இல் கனடாவில் உருவாக்கப்பட்டது. 20 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் சரி, தவறு, தெரியாது என்பதில் ஒன்றைக் குறிக்க வேண்டும். அதை மாணவிகளுக்குக் கொடுக்கும்போது மார்பினோடு மலமிளக்கி வேண்டும் என்ற கூற்றைப் பெரும்பாலோர் சரியாகக் குறித்துவிடுகிறார்கள். இடறுவது வேறு இடங்களில்: நோயாளி சரிந்துகொண்டே போகும்போது மட்டுமே இச்சிகிச்சை பொருந்தும் என்ற கூற்று, மார்பினை நீண்ட நாள் கொடுத்தால் அடிமைத்தனம் பெரும் பிரச்சினையாகும் என்ற கூற்று, இப்பணிக்கு உணர்ச்சியளவில் விலகி நிற்பது தேவை என்ற கூற்று. மூன்றும் தவறு. மூன்றாவது தவறு என்று நான் விளக்கும்போது வகுப்பில் ஒரு பெருமூச்சு எழும். அழுதால் நல்ல செவிலியர் இல்லை என்று அதுவரை அவர்களுக்கு யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள்.

ஒரு வரலாற்றையும் சொல்ல வேண்டும். பச்சிளங் குழந்தைக்கு வலி பெரிதாகத் தெரியாது என்ற நம்பிக்கையில், 1980களிலும்கூடக் குறைமாதக் குழந்தைகளுக்குப் போதிய வலி மருந்து இல்லாமலே அறுவை சிகிச்சை நடந்துவந்தது. இந்தூரில் மருத்துவம் படித்து ஆக்ஸ்போர்டுக்குச் சென்ற கன்வல்ஜீத் ஆனந்தும் அவருடைய குழுவினரும், ஃபென்டனில் என்ற வலி மருந்து கொடுக்கப்பட்ட குறைமாதக் குழந்தைகளின் உடல் அறுவையின் தாக்கத்தை எவ்வளவு நன்றாகத் தாங்குகிறது என்பதை 1987இல் காட்டினார்கள். அதுவரை அந்தக் குழந்தைகளைப் பார்த்தவர்கள் எல்லோரும் பயிற்சி பெற்றவர்கள்தாம். ஆயினும் கண்முன்னே இருந்த வலி அவர்களுக்குத் தெரியவில்லை. வைகைக்கரை அவர்கள் 'தொந்தரவு இல்லை' என்று எழுதியதற்காகத் தம்மை வருத்திக்கொள்ளக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் பாஸ்டனில், புற்றுநோயால் குழந்தையை இழந்த 103 பெற்றோரிடம் பேசி, ஜோன் உல்ஃப் என்ற மருத்துவரின் குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வில், கடைசி மாதத்தில் குறைந்தது ஓர் உபாதையாலாவது குழந்தை மிகவும் துன்பப்பட்டது என்று 89 விழுக்காட்டினர் கூறினர். வலிக்குச் சிகிச்சை பெற்றவர்களில் அது பலித்தது என்று சொல்லப்பட்டவர்கள் 27 விழுக்காடு மட்டுமே. மருந்துக்குப் பஞ்சமில்லாத ஊரில் இந்த நிலை. நம் நாட்டில் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தால் மார்பின் வாங்குவதே பெரும்பாடாக இருந்து, 2014 திருத்தத்துக்குப் பிறகுதான் வழி எளிதானது. மருந்து அலமாரியில் இருந்தும் குழந்தையின் வாய்க்குப் போகாததற்குச் சட்டத்தை இனிக் குறை சொல்ல முடியாது.

இந்திய நர்சிங் கவுன்சில் 2021இல் திருத்திய பி.எஸ்சி. பாடத்திட்டத்தில் நோய்த்தணிப்புச் சிகிச்சை கட்டாயப் பகுதியாகிவிட்டது. நல்லதுதான். ஆனால் அதற்கு முன் படித்து இப்போது வார்டுகளை நடத்திக்கொண்டிருப்பவர்களுக்கு யார் கற்பிப்பது என்பதே என் கவலை. உங்கள் மூத்த செவிலியர் கடிந்தது அக்கறையின்மையால் அல்ல. அவருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை.

நிலாவின் அம்மா எழுதியது:

நான் செவிலியர் அல்ல. எலும்புப் புற்றுநோயில் என் மகளை அவளுடைய 11ஆம் வயதில் இழந்தவள். இந்த உரையாடலைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

கடைசி மாதத்தில் ஒரு நாள் காலை, செவிலியர் ஒருவர் அவளுக்கு உடம்பு துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார். நான் வெந்நீர் எடுக்கப் போயிருந்தேன். திரும்பி வரும்போது திரைக்கு இப்பால் நின்று கேட்டேன். "சிஸ்டர், நான் செத்துப் போயிடுவேனா?" என்று அவள் கேட்டாள். என் கையில் இருந்த சொம்பு நடுங்கியது. அந்தச் செவிலியர் துடைப்பதை நிறுத்தவில்லை. "ஏன் கண்ணு, அப்படி நினைக்கிறியா?" என்று மட்டும் கேட்டார். மகள் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அம்மா ராத்திரி அழுவுறாங்க. என்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க" என்றாள். "அம்மாகிட்ட நீயே கேட்கணும்னு இருக்கா? நான் கூட இருக்கட்டுமா?" என்று அவர் கேட்டார். அன்று மாலை மூவரும் பேசினோம். என்ன பேசினோம் என்பதை இங்கே எழுத விரும்பவில்லை. அந்த மாலை இல்லாமல் போயிருந்தால் மிச்ச நாள்களை நான் எப்படிக் கழித்திருப்பேன் என்று தெரியவில்லை.

இன்னொன்று. கடைசி வாரத்தில் அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். ஒரு வாய் இறங்கினால் போதும் என்று நான் கரண்டியோடு போராடுவேன். அவள் உதட்டை இறுக்கிக்கொள்வாள். மூக்குக்குழாய் போடச் சொல்லிக் கெஞ்சினேன். அதே செவிலியர்தான், உடம்பு ஓய்ந்துவரும் நேரத்தில் பசி அடங்கிவிடும், உணவை வலிந்து கொடுத்தால் வாந்தியும் மூச்சுத்திணறலும்தான் வரும், நீங்கள் பட்டினி போடவில்லை அம்மா என்று விளக்கினார். ஈரப் பஞ்சால் உதட்டையும் நாக்கையும் நனைத்துவிடக் கற்றுக்கொடுத்தார். என் கைக்கு ஒரு வேலை கிடைத்தது. அவள் போன பிறகு, கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை நனைத்து நனைத்து மெதுவாக எடுத்தார், உயிரோடு இருக்கும் பிள்ளைக்கு வலிக்கும் என்பது போல. பிறகு அவளை என் மடியில் கிடத்திவிட்டுத் திரையை இழுத்துவிட்டுப் போனார். ஒரு மணி நேரம் யாரும் வந்து அவசரப்படுத்தவில்லை.

இரவுப்பணி எழுதியது:

அம்மா, நீங்கள் எழுதியதற்கு நன்றி என்று சொல்வது போதாது. அந்தச் செவிலியர் செய்ததைப் பிரித்துச் சொன்னால் மற்றவர்களுக்குப் பயன்படும் என்பதால் மட்டும் தொடர்கிறேன். அவர் பொய் சொல்லவில்லை. 'அப்படியெல்லாம் பேசக் கூடாது' என்று வாயை அடைக்கவும் இல்லை. பெற்றோரை மீறித் தாமாக ஒரு விடையையும் கொடுத்துவிடவில்லை. குழந்தை உண்மையில் எதைக் கேட்கிறது என்று கண்டுபிடித்தார். அவளுடைய கேள்வி தாயின் அழுகையைப் பற்றியதாக இருந்தது.

பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். மைரா புளூபாண்ட்-லாங்னர் என்ற மானிடவியலாளர் 1970களில் அமெரிக்க மருத்துவமனையொன்றில் இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளோடு பல மாதங்கள் இருந்து கவனித்தார். யாரும் சொல்லாமலே தாங்கள் இறக்கப்போவதை மிகச் சிறிய குழந்தைகளும் அறிந்திருந்தார்கள். பெற்றோர் உடைந்துவிடக் கூடாது என்று தெரியாதது போல் இருந்தார்கள். சுவீடனில் புற்றுநோயால் குழந்தையை இழந்த பெற்றோரிடம் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தையோடு சாவைப் பற்றிப் பேசிய 147 பேரில் ஒருவர்கூட அதற்காக வருந்தவில்லை; பேசாத 258 பேரில் 69 பேர் வருந்தினார்கள். நம் வீடுகளில் எல்லோரையும் பேச வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பாட்டி 'அந்தப் பேச்சே வேண்டாம்' என்று காதைப் பொத்தும் குடும்பத்தில் வேறு வழியைத் தேட வேண்டும். சில நேரம் குழந்தை வரையும் படத்தின் வழியாக, சில நேரம் பொம்மையின் வழியாக. ஆனால் குழந்தையே கேட்கும்போது பேச்சை மாற்றிவிட்டு நகரக் கூடாது.

வைகைக்கரை எழுதியது:

பத்து நாள்கள் கழித்து எழுதுகிறேன். எல்லோருடைய பதில்களையும் அச்செடுத்து, முதலில் அந்த மூத்த செவிலியரிடமே கொடுத்தேன். வாங்கிப் படித்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, தாம் பணியில் சேர்ந்த புதிதில் பெரியவர் ஒருவருக்கு ஊசியில் அளவு மாறி நேர்ந்த விபரீதத்தைச் சொன்னார். 20 ஆண்டுகளாக அந்த அச்சத்தோடு இருந்திருக்கிறார்.

எங்கள் தலைமை மருத்துவரின் ஒப்புதலோடு, காய்ச்சல், நாடித்துடிப்பு எழுதும் தாளில் வலியின் அளவைக் குறிக்கவும் ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம். வீட்டுக்குப் போகும் பிள்ளைகளுக்காக, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்கள் வட்டாரத்தில் வீடு தேடிச் செல்லும் நோய்த்தணிப்புச் செவிலியரிடமும் பேசிவிட்டேன். குழந்தைகள் தம் பட்டியலில் இதுவரை வந்ததே இல்லை, அனுப்புங்கள், வருகிறேன் என்றார்.

வயிற்றில் கட்டியோடு 4 வயதுச் சிறுமி ஒருத்தி இப்போது எங்களிடம் இருக்கிறாள். அவளுக்கு மார்பின் 4 மணி நேரத்துக்கு ஒரு முறை என்று எழுதப்பட்டிருக்கிறது, மலமிளக்கியோடு. ஊசி இல்லை என்று அவளிடம் முதலிலேயே சொல்லிவிட்டோம். நேற்றிரவு 10 மணிக்கு அவளுடைய கட்டத்தில் 7 என்று எழுதினேன். 2 மணி வேளையை அந்த மூத்த செவிலியரே கரைத்து எடுத்து வந்து, அவள் மூச்சை எண்ணியபடி கால் மணி நேரம் அருகில் உட்கார்ந்திருந்தார். காலை 6 மணிக்கு எழுதியது 2. தன் பொம்மைக்கும் மருந்து வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.